பாட்டியின் நோட்டில் எட்டு வரிகள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

சிந்தாதிரிப்பேட்டை வீட்டைக் காலி செய்தபோது எடுத்துவந்த தகரப் பெட்டியை இன்றுதான் திறந்தேன். மேலே பழைய பட்டுப் புடவை. அடியில் பாட்டியின் கணக்கு நோட்டு. பால் கணக்கு, சலவைக் கணக்கு, சீட்டுப் பணம் என எல்லாம் நாம் எழுதும் எண்களில்தான் இருக்கின்றன. கடைசிப் பக்கம் மட்டும் வேறு மாதிரி.

அ
ங ரு
ங உ ங
சு உ
சு உ
க ரு உ
க ச ங
ச ச

அதன் கீழே, "எ போதும். அ வேண்டாம்." ஓரத்தில் மையால் அழுத்தி அடித்த நாலைந்து வரிகளும் இருக்கின்றன. அவற்றைப் படிக்க முடியவில்லை.

முதலில் ஸ்வரங்களோ என்று நினைத்தேன். ஆனால் எந்த ஸ்வரம் 'ங'? மந்திரமாகவும் தோன்றவில்லை. 'எப்போதும்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்று என்று வைத்துக்கொண்டாலும், பிழையில்லாமல் எழுதுபவர் பாட்டி. அவருடைய அப்பா திண்ணைப் பள்ளிக்கூடம் நடத்தியவர்.

ஜூன் 5, வியாழன்

மாடி வீட்டுக்காரர் மகளின் திருமணப் பத்திரிகை வந்தது. அதில் 'திருவள்ளுவர் ஆண்டு ௨௦௫௬' என்று அச்சடித்திருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் கை பரபரத்தது. உ என்றால் 2, ரு என்றால் 5, சு என்றால் 6. பாட்டி எழுதியிருப்பது எழுத்தே அல்ல, தமிழ் எண்கள்! மாற்றி எழுதினேன்.

8
3 5
3 2 3
6 2
6 2
1 5 2
1 4 3
4 4

எண்களைக் கண்டால் கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். முப்பது வருடம் கணக்கு எழுதிய கை. மூன்றும் ஐந்தும் எட்டு. மூன்றும் இரண்டும் மூன்றும் எட்டு. ஒவ்வொரு வரியும் எட்டு! ஏதோ ஒரு பொருள் எட்டுப் பங்கு இருக்கிறது. அது இடம் மாறுகிறது, ஆனால் ஒரு துளியும் குறையவில்லை. கடைசியில் நாலும் நாலுமாக நிற்கிறது. ஆக, இது ஒரு புதிரின் விடை. புதிர்தான் இந்தப் பக்கத்தில் இல்லை.

ஐந்தாவது வரி நாலாவதன் மறுபடி. கவனக்குறைவாக இரண்டு தடவை எழுதிவிட்டார் என்று என் பிரதியில் அதை அடித்துவிட்டேன். கீழே இருப்பது "7 போதும். 8 வேண்டாம்." இது விளங்கவில்லை. மொத்தமே எட்டுதானே, அதை ஏன் வேண்டாம் என்கிறார்?

ஜூன் 8, ஞாயிறு

எட்டு என்ன? நம் பழைய முகத்தலளவையில் எட்டு இரண்டு இடத்தில் வருகிறது. 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். இரண்டுமே பொருந்துகின்றன. லிட்டர் பழகிய நமக்கு எட்டு ஏதோ ஓர் எண். பாட்டிக்கு அது ஒரு முழு அளவு. "ஒரு படி இருக்கிறது, பாதியாக்கு" என்று யாரோ கேட்டிருப்பார்கள் போல.

பாதியாக்க அரைப்படி இருந்தால் புதிரே இல்லை. கையில் இருந்தவை வேறு பாத்திரங்கள். எவை? இங்கேதான் இன்று முழு மத்தியானமும் போயிற்று. அளவுக்கோடு இல்லாத பாத்திரத்தில் ஊற்றும்போது இரண்டே காரணத்தால்தான் கை நிற்கும். ஒன்று, ஊற்றுகிற பாத்திரம் காலியாகும். அல்லது வாங்குகிற பாத்திரம் நிரம்பும். முதல் வரியில் எட்டு இருந்தது, இரண்டாவது வரியில் மூன்று மீதி நிற்க ஐந்து வெளியே போயிருக்கிறது. முதல் பாத்திரம் காலியாகவில்லை, ஆகவே வாங்கியது நிரம்பியிருக்கிறது. அதன் கொள்ளளவு 5. அடுத்த வரியில் அந்த ஐந்திலிருந்து மூன்று போய் இரண்டு நிற்கிறது. அப்படியானால் மூன்றாவது பாத்திரம் 3.

எட்டு, ஐந்து, மூன்று. நோட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். கேள்வியின் எலும்புக்கூடு கிடைத்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

சமையலறையில் ஊற்றிப் பார்த்தேன். (தண்ணீரை வீணாக்கவில்லை. எல்லாம் துளசிக்குப் போயிற்று.) பெரியதிலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து சின்னதுக்கு, சின்னதைத் திரும்பப் பெரியதில். 6 2 வந்தது. நான் அடித்த வரியைத் தாண்டி நேரே 1 5 2 வரவேண்டும். வரவில்லை. நடுப் பாத்திரத்தில் ஏற்கெனவே இரண்டு இருப்பதால் மூன்றுதான் ஏறுகிறது, மறுபடியும் 3 5. மூன்று தடவை ஊற்றியும் அதே இடத்துக்குத்தான் திரும்பினேன்.

பிறகுதான் உறைத்தது. இரண்டு '6 2'வும் ஒன்றல்ல. முதலாவதில் அந்த இரண்டு நடுப் பாத்திரத்தில் இருக்கிறது. அடுத்ததில் சின்னதுக்குப் போய்விட்டது. நடுவைக் காலி செய்தால்தான் அதில் முழு ஐந்தும் ஏறும், பெரியதில் ஒன்று நிற்கும். 1 5 2!

பாட்டியின் எண்களில் சுழியத்துக்குக் குறி கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக் குறிகள் உண்டு. பத்திரிகையில் ௨௦௫௬ என்று நடுவில் வந்த ௦ பிற்காலத்தில் சேர்ந்தது. காலிப் பாத்திரத்துக்கு எழுத அவரிடம் ஒன்றும் இல்லை, அதனால் அவர் எழுதவில்லை. நான் பிழை என்று அடித்த வரிதான் இந்தப் புதிரின் உயிர். ரப்பரை எடுத்து என் பென்சில் கோட்டை அழித்தேன். பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டது போல இருந்தது.

ஜூன் 12, வியாழன்

விடையிலிருந்து வராதவை சில இருக்கின்றன. பெரிய பாத்திரம் சரியாக எட்டுதான் பிடிக்குமா, பத்துப் பிடிக்குமா? பத்துப் பிடித்தாலும் இதே எட்டு வரிகள்தான் வரும். உள்ளே இருந்தது பாலா, எண்ணெயா? யாருக்கு யார் பிரித்தார்கள்?

வட ஜெர்மனியில் ஸ்டாடே நகரத்து மடத் தலைவராக இருந்த ஆல்பர்ட் என்பவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய ஆண்டுக்குறிப்பிலும் இதே 8, 5, 3 வருகிறது என்று படித்தேன். எப்படி எப்படியோ கைமாறி ஒரு கணக்கு சிந்தாதிரிப்பேட்டை வரை வந்திருக்கிறது. பாட்டிக்கு அதை யார் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

29சி பிடித்துப் பெரம்பூர் போனேன். அத்தைக்கு 84 வயது. நோட்டைக் காட்டினேன். எண்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. "எட்டு, ஐந்து, மூன்று என்று மூன்று பாத்திரங்கள் அத்தை" என்றேன்.

"எத்தனை என்றெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. அக்கா தங்கை நெய்க் கதையா?"

அப்படியே எழுதிக்கொண்டேன். தாய்வீட்டிலிருந்து அக்காவுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே ஜாடியில் நெய் வருகிறது. கூட வந்தவை இரண்டு காலிச் சொம்புகள் மட்டும். ஒருத்திக்கு ஒரு சொட்டு கூடினாலும் மற்றவள் அழுவாள். அளக்கும் படியை மாமியார் பூட்டி வைத்திருக்கிறாள். எப்படிப் பிரிப்பார்கள்? பாட்டியின் அப்பா திண்ணையில் பிள்ளைகளிடம் இதைக் கேட்பாராம். பெண் பிள்ளையான பாட்டி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாராம்.

"உங்களுக்கு விடை சொன்னாரா அத்தை?"

"சொல்லவே மாட்டாள். ஊற்றிப் பார் என்பாள். நாங்கள் அதற்குள் தூங்கிவிடுவோம்."

அத்தையிடம் கதை இருந்தது, நோட்டில் எண்கள் இருந்தன. இரண்டையும் சேர்த்து அத்தைக்கு முழுப் புதிரையும் சொன்னேன். இரண்டு '6 2' வந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் இன்னொரு வழியையும் முயன்றேன். முதலில் சின்னச் சொம்பை நிரப்பினால்? 5 3. அதை நடுவில் கொட்டினால் மறுபடியும் 5 3. பிறகு 2 3 3, 2 5 1, 7 1, 7 1, 4 1 3, 4 4. முடிகிறது. ஆனால் எண்ணினால் எட்டு ஊற்று. பாட்டியின் வழியில் ஏழுதான்.

7 போதும். 8 வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டின் கடைசிப் பக்கத்தை விளக்குக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் மையால் அடித்த வரிகளில் இரண்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக, இப்போது படிக்க வருகின்றன.

எ க
எ க