பயமுறுத்திய 'எஸ்'

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சி லோகோக்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனத்தின் 'எஸ்'. கொலம்பியா பிக்சர்ஸின் தொலைக்காட்சிப் பிரிவு அது. 'பிவிட்ச்டு', 'ஐ ட்ரீம் ஆஃப் ஜீனி' தொடர்கள் எல்லாம் அவர்கள் தயாரிப்புதான்.

1965-ல் வந்த லோகோ. மஞ்சள் திரை. இரண்டு சிவப்புக் கோடுகள் நீண்டு, நடுவில் ஒரு சிவப்புப் பொட்டைச் சுற்றி வளைந்து 'எஸ்' ஆகிவிடும். சில வினாடிகள்தான். ஆனால் அந்த இசை! இசையமைப்பாளர் எரிக் சிடே, மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் போட்டது. சாதாரண வாத்தியம் எதிலும் வராத, லேசாக நடுங்குகிற உலோகச் சத்தம். மேக்ஸ்வெல் ஹவுஸ் காபி விளம்பரத்தில் காபி கொதிக்கிற சத்தத்தையே மெட்டாக்கியவரும் இவர்தான்.

சிரிப்புத் தொடர் முடிந்த கையோடு இது வந்ததால் குழந்தைகள் அரண்டு போனார்கள். பெரியவர்களான பிறகும் அந்தப் பயத்தை மறக்காமல் 'நரகத்து எஸ்' என்று பெயர் வைத்தார்கள். 2010-ல் இதைப் பற்றி ஒரு குறும் ஆவணப்படமே வந்தது.

1974-ல் நிறுவனத்தின் பெயர் கொலம்பியா பிக்சர்ஸ் டெலிவிஷன் என்று மாறியதும் 'எஸ்' போய்விட்டது. பிற்பாடு மறுஒளிபரப்புகளில் பல இடங்களில் வெட்டிவிட்டு வேறு லோகோவை ஒட்டிவிட்டார்கள். அதுதான் வருத்தம். அந்தச் சில வினாடிகளும் தொடரோடு சேர்ந்தவைதானே, அப்படியே விட்டிருக்கலாம்.