இடது கைப் பேரேடு

டிசம்பர் 12

காலை பத்தேகாலுக்கு, சர்க்கரை பார்க்கிற சென்சாரை இடது கையில் ஒட்டியாயிற்று. சின்னவன் வீடியோவில் சொல்லச் சொல்ல, சமையலுக்கு வருகிறவள்தான் அழுத்தினாள். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஊசி போன வேகத்தில் வெளியே வந்துவிடுமாம். மயிர் கனத்தில் ஒரு இழை மட்டும் தோலுக்கடியில் தங்குமாம். 14 நாள். பார்க்கச் சின்னத் தட்டை ஒன்றைக் கையில் ஒட்டியது போல இருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் காட்டாது என்றான். போனை மடியில் வைத்துக்கொண்டு பட்டாலையிலேயே உட்கார்ந்திருந்தேன். தந்திக்காரனுக்குக் காத்திருந்த மாதிரி.

11.20க்கு 164. அம்பு நேராக.

டிசம்பர் 13

விரலில் குத்திப் பார்த்தால் 131. கை 158 என்கிறது. முதல் நாள் அப்படித்தான் முன்னே பின்னே காட்டுமாம். சரி.

டிசம்பர் 14

ரெண்டே ரெண்டு இட்லி. கொஞ்சம் சாம்பார், ஒரு கரண்டி கோசமல்லி. 9.20க்கு 218, அம்பு மேலே. ஒன்பதரைக்கு போன் அடிக்கிறது.

"ஆத்தா, எட்டரைக்கு என்ன சாப்பிட்டீக?"

அவனுக்கு அங்கே பன்னிரண்டு மணி. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு என் சர்க்கரை ஏறி இறங்குகிற கோட்டைத் தன் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறான். இட்லி என்றேன். "ரெண்டா, மூணா?" என்றான்.

இவனைப் பெத்த அப்பச்சி இருந்தவரை என்னிடம் ஒரு நாள் கணக்குக் கேட்டதில்லை. எங்கள் ஐயா பர்மாவில் இருந்த காலத்தில் ஆயாவுக்குக் கப்பல் தபால் வர வாரக்கணக்காகுமாம். இங்கே ஒரு பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்த பிறகுதான் அங்கே பெயரே தெரியுமாம். இப்போது சிங்கப்பூரில் இருக்கிறவனுக்கு நான் இட்லியை முழுங்கினது தெரிகிறது. எது நல்லது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூணாவது இட்லியைத் தின்றது உண்மைதான்.

டிசம்பர் 15

விடிகாலை 3.10. போன் அலறிற்று. 56, சிவப்பில். வேர்வை இல்லை, நடுக்கம் இல்லை, பசி கூட இல்லை. ஆனாலும் பயந்து ரெண்டு கரண்டி சீனியை வாயில் போட்டுக்கொண்டேன். 3.12க்கு அவன் கூப்பிட்டுவிட்டான், தூக்கக் குரலில். மருமகள் பின்னால் விளக்கைப் போடுவது தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

காலையில் 189.

டிசம்பர் 16

3.25. 61. இந்த முறை சீனி டப்பாவைத் தொடவில்லை, விரலில் குத்தினேன். 112!

டிசம்பர் 17

மார்கழி. கோலம் போட்டேன். சும்மா எழுந்து நின்றதற்கே 128லிருந்து 151. தொண்டையில் காப்பி கூட இறங்கவில்லை. விடியும் நேரத்தில் ஈரலே சர்க்கரையை அவிழ்த்து விடுமாம்.

டிசம்பர் 18

காரைக்குடி போய் டாக்டரைப் பார்த்தேன். ராத்திரிக் கோட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பீங்க?"

இடது பக்கம்.

சென்சார் மேலேயே பாரத்தைப் போட்டுப் படுத்தால் அந்த இடத்து நீரோட்டம் குறைந்து, இல்லாத தாழ்வைக் காட்டுமாம். ரத்தத்தில் சர்க்கரை சரியாகத்தான் இருக்குமாம். கையை மாற்றிப் படுங்கள் என்றார். ரொம்ப எளிதாகச் சொல்லிவிட்டார்.

அந்தக் கட்டிலில் இடது பக்கம் திரும்பினால்தான் அவுக படுக்கும் இடம். 41 வருஷம் அப்படியே படுத்த உடம்பு. ராத்திரி தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்து வலது பக்கம் திரும்பிப் படுத்தேன். அந்தப் பக்கம் சுவர். மூன்று மணி வரைக்கும் சுவரில் வெள்ளையடித்த திட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடிக்கவில்லை. 118.

டிசம்பர் 19

3.40. 58. திரும்பிவிட்டேன் போல.

அவன் கூப்பிடவில்லை. ராத்திரிச் சத்தத்தை அங்கே அணைத்து வைத்திருக்கிறானாம், மருமகள் சொன்னாள். நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன். சொன்னதை ஏன் கேட்டான் என்று இருக்கிறது.

டிசம்பர் 20

பள்ளத்தூர் ஆச்சி வந்தார்கள், தூக்குச் சட்டியில் கவுனி அரிசியோடு. "கறுப்பரிசி, சர்க்கரைக்கு ரொம்ப நல்லது, நீ பயப்படாமச் சாப்பிடு" என்றார்கள். அரிசி கறுப்புத்தான் ஆச்சி, அதில் போட்ட சீனியும் தேங்காய்ப் பூவும் வெள்ளைதானே. சொல்லவில்லை. அரைக் கிண்ணம் சாப்பிட்டேன். 236.

அதற்காக வருத்தமெல்லாம் இல்லை. நல்ல பதம்.

டிசம்பர் 21

ஒன்று கண்டுபிடித்தேன். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் முகப்பிலிருந்து பின்கட்டு வாசல் வரை நடந்தால் இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு. போக வர ஒரு கணக்கு. பதினோரு கணக்கு நடந்தால் 40 புள்ளி ஏறாமல் நிற்கிறது. இவ்வளவு நீள வீட்டை எதற்குக் கட்டினார்கள் என்று இத்தனை வருஷம் பெருக்கும்போதெல்லாம் திட்டியிருக்கிறேன்.

ரெண்டாங்கட்டில் மட்டும் ஆத்தங்குடிக் கல் ஒன்று ஆடுகிறது. ஒவ்வொரு தடவையும் கால் அதைத் தேடிப் போய் மிதிக்கிறது.

காயை முதலில் தின்று சோற்றைப் பின்னால் தின்றாலும் கோடு மெதுவாகத்தான் ஏறுகிறது. விருந்தாளி வந்தால் இப்படிச் சாப்பிட முடியாது.

டிசம்பர் 22

கை இன்னும் சரியாக இல்லை. எழுதிவிடுகிறேன்.

பிள்ளையார் நோன்புக்காகப் பித்தளைச் சாமான்களை இறக்கிப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்தோம். காலையில் சர்க்கரை மாத்திரை கிளிமிபிரைடு போட்டாயிற்று, மத்தியானச் சோறு தள்ளிக்கொண்டே போயிற்று. 2.40க்கு போன் அடித்தது. 63, அம்பு கீழே. பகலில் நான் எந்தக் கைமேலும் படுக்கவில்லையே என்று நினைக்கும்போதே பிடரி நனைந்துவிட்டது. தரைக் கல்லில் இருக்கிற பூவெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று போனது. தவலை கை நழுவி விழுந்தது. சமையல்காரி சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள், மூணு கரண்டி.

கால் மணி நேரம் பொறுக்க வேண்டும் என்று தெரியும். பொறுத்தேன். கை 54 என்றது. ஏற வேண்டியது இறங்குகிறதே! இனி அவ்வளவுதான் என்று நினைத்துப் பணியாரம் நாலு, ஒரு வாழைப்பழம், எல்லாம் உள்ளே தள்ளினேன். அப்புறம்தான் விரலில் குத்தத் தோன்றியது. 88. சென்சார் பார்ப்பது ரத்தத்தை இல்லை, தோலுக்கடியில் ஊறுகிற நீரைத்தானே. ரத்தம் முன்னே போனால் இது அஞ்சு பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்து சேரும்.

அஞ்சு மணிக்கு 247.

அவன் அழுதான். அடுத்த மாதமே டிக்கெட் போடுகிறேன் என்றான். எனக்கு ஒன்றும் இல்லையப்பா, தவலைதான் நசுங்கிவிட்டது என்றேன்.

டிசம்பர் 23

மாத்திரை 2லிருந்து 1 ஆயிற்று. டாக்டர் கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார், பள்ளம் எங்கே என்று. எனக்குத் தெரியாதா?

டிசம்பர் 24

70க்கும் 180க்கும் நடுவில் நாளில் 70% நேரம் இருக்க வேண்டுமாம், கிட்டத்தட்ட 17 மணி நேரம். எனக்கு 61 என்று வருகிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கிலும் இப்படித்தான் வாங்குவேன்.

கோடி வேட்டியிலிருந்து நாளுக்கு ஒன்றாக எடுத்த நூல் இன்றோடு இருபத்தொன்று சேர்ந்துவிட்டது. அத்தனையும் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி வாயில் போடுவதுதான் நாளைக்கு இழை எடுப்பது. மாவு இடித்தாயிற்று. வெல்லம், நெய். கையிலும் ஓர் இழை இருக்கிறது, உள்ளே.

நாளைக்கு எத்தனை காட்டப்போகிறது என்று அவன் கேட்பான். பாதி எடுத்துக்கொள்ளுங்கள் என்பான். இழையில் பாதி எப்படி எடுப்பது?

டிசம்பர் 25

கொழுந்தனார்தான் ஏற்றிக் கொடுத்தார். அவுக இருந்தபோது கை நடுங்கும், சுடர் ஆடும், நான் அணைந்துவிடுமோ என்று பதறுவேன். இன்று சுடர் ஆடவே இல்லை. எரிகிற திரியோடு வாயில் போட்டு முழுங்கினேன். நாக்கில் ஒரு நொடி சூடு, அப்புறம் வெல்லம்.

போனைப் பூசை அறைக்கு வெளியே வைத்திருந்தேன். அரைமணி கழித்துப் பார்த்தேன். 121லிருந்து 158.

அவனும் அங்கே நகரத்தார் சங்கத்தில் எல்லாரோடும் இழை எடுத்த படம் அனுப்பியிருந்தான். என் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பார்க்காமல் இருந்திருக்க மாட்டான்.

டிசம்பர் 26

10.15. முடிந்தது என்று போனே சொல்லிவிட்டது. தேங்காயெண்ணெய் தடவி உரித்தேன். அடியில் ஒட்டிக்கொண்டு வருகிறது அந்த இழை, அரை விரற்கடை கூட இல்லை. கையில் வட்டமாக வெளுத்த தடம்.

அடுத்த டப்பா மேசைமேல் இருக்கிறது. வலது கையில் ஒட்டுங்கள், இனி ராத்திரி தொல்லை இருக்காது என்கிறான்.

அவள் கை கழுவிக்கொண்டு வந்து நிற்கிறாள், எந்தக் கை ஆச்சி என்று