பவாருவா செய்யப் போறீங்களா?

பார்க்க புட்டிங் மாதிரி இருந்தாலும் பிரெஞ்சுக்காரர்களின் பவாருவா தனி ரகம். பால், சர்க்கரை, மஞ்சள்கரு மூன்றையும் 82 டிகிரி வரை கஸ்டர்டாகக் காய்ச்சி (கொதிக்கவே விடக்கூடாது, திரிந்துவிடும்), ஊறவைத்த ஜெலட்டினைக் கரைத்து, ஆறியதும் அடித்த க்ரீமைச் சேர்க்க வேண்டும்.

சூட்சுமம் எல்லாம் அந்த ஆறும் பதத்தில்தான். சூடாக இருந்தால் க்ரீம் உருகிக் காற்றெல்லாம் போய்விடும். ரொம்ப ஆறினால் ஜெலட்டின் கட்டி தட்டும். கரண்டியைத் தூக்கினால் கஸ்டர்ட் பட்டையாக, மெதுவாக வழிய வேண்டும். அந்த நேரம் பார்த்து க்ரீமை மூன்று பங்காகப் போட்டு, அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். வேகமாகக் கிளறவே வேண்டாம்.

அன்னாசி போடுவதென்றால் டின் அன்னாசிதான். புதுப் பழத்திலுள்ள நொதி ஜெலட்டினை உறைய விடாது. என் ஓட்டு மாம்பழக் கூழுக்கு! ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, அச்சை வெந்நீரில் சில நொடி முக்கிக் கவிழ்த்தால் முழுசாக வந்துவிடும்.