எடுத்துக்கலாம்

"மிச்சம் 400 மூட்டையைத் தீபாவளிக்குள்ள எடுத்துக்கலாம் மாமா."

2017 ஜூன் மாதம் போனில் நான் சொன்ன வார்த்தை இது. சொன்னேனா இல்லையா என்பதில் எனக்கும் மாமாவுக்கும் தகராறு கிடையாது. சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதில்தான்.

மாமா என்றால் சொந்தமில்லை. பர்மாவில் பகோ ஊர்ப் பக்கத்துக்காரர், என் அப்பா கணக்கு எழுதிய காலத்திலிருந்து எங்கள் கடைக்கு உளுந்து போடுகிறவர். விலை பேசி, பாதிச் சரக்கு வந்து இறங்கி, அதற்குப் பணமும் போய்விட்டது. மீதியை வைக்க எங்கள் குடோனில் இடமில்லை. அதனால்தான் அந்தப் போன்.

ஆகஸ்ட் 5ஆம் தேதி துவரைக்கு இந்தியா வருஷத்துக்கு 2 லட்சம் டன் என்று இறக்குமதி வரம்பு போட்டபோதே ரங்கூன் பயின்னௌங் மொத்தச் சந்தையில் முகங்கள் மாறிவிட்டன. 21ஆம் தேதி திங்கட்கிழமை உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன் என்று வந்தது. பர்மாக்காரர்கள் உளுந்து அதிகம் தின்பதில்லை. இங்கே விளைவதெல்லாம் அந்தப் பக்கத்து இட்லிக்கும் வடைக்கும்தான். அந்தக் கதவு மூடினால் மூட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதலாளி அன்றைக்குச் சொன்னது இவ்வளவுதான்: "பகோ சரக்கை எடுக்காதே. எடுக்க மாட்டேன்னும் சொல்லாதே."

மாமா கூப்பிட்டார். "கொஞ்சம் பொறுங்க மாமா, பார்க்கலாம்" என்றேன். இரண்டாவது 'லாம்'.

இந்த 'லாம்' விஷயத்தை நான் எத்தனையோ ராத்திரி உருட்டிப் பார்த்திருக்கிறேன். "வாங்க, சாப்பிடலாம்" என்றால் இலை போட்டாயிற்று என்று அர்த்தம். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "பார்க்கலாம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். நான் சொன்ன 'எடுத்துக்கலாம்' எந்த ஜாதி? வியாபாரத்தில் முப்பது வருஷமாக நாங்கள் 'எடுத்துக்கலாம்' என்று சொல்லித்தான் எடுத்திருக்கிறோம். இல்லையென்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் சந்தை புரண்ட வருஷத்தில் அதே வார்த்தையைச் சொல்லி, எடுக்காமல் விட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களைப் பொய்யன் என்று சொன்னதில்லை.

தீபாவளி போன பிறகு மாமாவின் மருமகன் வந்தார். வக்கீல் நோட்டீஸ் அனுப்பப்போவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் பேசினார், டீயும் குடித்தார். மறுநாள் முதலாளி என்னை வக்கீல் ஐயாவிடம் அனுப்பினார். நம்மவர்தான், தமிழிலேயே பேசுவார்.

நான் தெம்பாகத்தான் போனேன். எழுத்தில் எதுவும் இல்லை, பிறகென்ன? அவர் சிரித்தார். இங்கே ஓடுவது 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், இந்தியாவில் இருக்கும் அதே சட்டம். பர்மா இந்தியாவோடு ஒரு மாகாணமாக இருந்த காலத்தில் வந்தது. 1937ல் பிரிந்தபோதும் 1948ல் விடுதலையான பிறகும் அது இங்கேயே தங்கிவிட்டது. அந்தச் சட்டத்தில் வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், உளுந்து வாங்கப் பத்திரம் எழுத வேண்டியதில்லை என்றார். இந்தியா வரம்பு போட்டதை 56ஆம் பிரிவில் காட்டித் தப்பிக்கலாமா என்று கேட்டேன். "அது நடக்கவே முடியாத காரியத்துக்கு. மூட்டை அங்கே இருக்கு, லாரி ஓடுது, உங்ககிட்ட பணமும் இருக்கு. லாபம் போனது வேற, முடியாமப் போனது வேற."

"அப்போ சரக்கை எடுக்கச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடுமா?"

போடாது என்றார். சந்தையில் விற்கக்கூடிய பொருள், பணத்தால் ஈடு கட்டிவிடலாம் என்றால் பணம்தான். 73ஆம் பிரிவு. பேசிய விலைக்கும், வாக்கு முறிந்த நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். அதற்குமேல் விலை இறங்க இறங்க மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த நஷ்டம் மாமா தலையில். நஷ்டத்தைக் குறைக்க அவர் என்ன செய்தார் என்று கோர்ட் பார்க்கும்.

மாமா ஏன் வேறு ஆளுக்கு விற்காமல் உட்கார்ந்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். என் 'பார்க்கலாம்'தான் காரணம். எங்களை நம்பிக் காத்திருந்த ஒவ்வொரு நாளும் சட்டப்படி அவருக்கு நஷ்டம். வக்கீல் ஐயா இதை விளக்கும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

பிறகு அவர் பேனாவைத் திறந்தார். "சொன்னதை அப்படியே சொல்லுங்க. கோர்ட்ல எல்லாம் பர்மியில போகணும்."

சொன்னேன். "மிச்சம் 400 மூட்டையைத் தீபாவளிக்குள்ள எடுத்துக்கலாம் மாமா."

பர்மியில் 'லாம்' இல்லை. 'யூமே' என்றால் எடுப்போம். 'யூநைங்டெ' என்றால் எடுக்க முடியும், அவ்வளவுதான். "எது?" என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். யோசித்தது மொழிபெயர்ப்பைப் பற்றித்தானா என்று இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "யூநைங்டெ" என்றேன். எழுதிக்கொண்டார்.

"அவ்வளவுதானா? வேற ஏதும் சொன்னீங்களா?"

"அவ்வளவுதான் ஐயா."

அவ்வளவு இல்லை. மூச்சு விடாமல் அதோடு சேர்த்து இன்னொன்றும் சொன்னேன்: "வேற யாருக்கும் கொடுத்துடாதீங்க."

வேறு யாருக்கும் கொடுக்காதே என்று சொன்னவன், எடுத்தாலும் எடுப்பேன், எடுக்காவிட்டாலும் இல்லை என்று சொல்லியிருக்க முடியுமா? வாக்கியத்தின் பின்பாதி முன்பாதியைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அது எனக்கு அந்த நாற்காலியிலேயே தெரியும்.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. நான் சம்பளக்காரன். முதலாளியின் வக்கீலிடம் முதலாளிக்கு எதிராகச் சாட்சி சொல்ல நான் அங்கே போகவில்லை. இன்னொன்று: எங்களிடம் சரக்கு வாங்கும் சென்னைக்காரர் எங்களையும் கைவிட்டார். அது போன்பேச்சு இல்லை, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம், மத்தியஸ்தத்துக்குக்கூட அதில் ஒரு வரி உண்டு. சர்க்கார் உத்தரவு, நான் என்ன செய்ய என்று இரண்டு வரி அனுப்பினார். முதலாளி வழக்குக்குப் போகவில்லை. அடுத்த பருவத்துக்கு அந்த ஆள் வேண்டுமே. எழுதி வாங்கியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று யாராவது புத்தி சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. எழுதி வாங்கிய நாங்களும் சும்மாதான் இருந்தோம்.

நோட்டீஸ் வரவில்லை. மாமா மருமகனைத் தடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். டிசம்பரில் முதலாளி மனமிரங்கி (அப்படித்தான் அவர் சொல்லிக்கொண்டார்) அன்றைய விலைக்கு 400 மூட்டையையும் எடுத்தார். மாமா லாரியிலேயே வந்தார்.

சரக்குப் பார்த்தவன் நான். மூட்டையில் குத்தூசியை இறக்கி உருவி, உள்ளங்கையில் கொட்டினேன். கறுப்பு மணிகளுக்கு நடுவே பத்துக்கு ஒன்றில் ஊசிமுனை அளவு ஓட்டை. ஊதினால் மாவு பறந்தது. ஒரு வண்டு என் ரேகையில் ஏறி ஓடியது. மாசி பங்குனியில் அறுத்த பயறு மழைக்காலம் முழுக்கக் கிடந்தால் வண்டு விழாமல் என்ன செய்யும். வண்டுக்கு விலையில் கழிவு பிடிப்பது வழக்கம். ஜூனில் எடுத்திருந்தால் வண்டு கிடையாது. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன்.

"எழுதிக்கோங்க தம்பி" என்றார் மாமா.

எழுதினேன். மூட்டைக்கு இவ்வளவு என்று.

வாக்கு முறிந்ததற்கு வழக்குப் போட மூன்று வருஷக் கெடு. தேதியைத் தீபாவளியிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று வக்கீல் ஐயா சொல்லியிருந்தார். 2017 தீபாவளி அக்டோபர் 18. 2020 அக்டோபரில், கொரோனாவில் கடை பாதி நாள் மூடிக்கிடந்தபோது, எனக்கு அந்தத் தேதி ஞாபகம் இருந்தது. மாமாவுக்கு ஞாபகம் இருந்திருக்காது. அவர் அப்போதும் எங்களுக்குத்தான் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 2021 மே மாதம் இந்தியா வரம்பை எடுத்துவிட்டது. விலை ஏறியது. எல்லோரும் பழசை மறந்தார்கள்.

எழுத்தில் எதுவும் இல்லை என்றேன் அல்லவா. ஜூன் மாதத்து நோட்டு என் மேஜை இழுப்பில் இருக்கிறது. போனை வைத்த கையோடு எழுதியது, என் கையெழுத்து. மாமாவின் ஊர்ப்பெயர், விலை, பக்கத்தில் "400 - நமக்கு" என்று ஒரு கோடிட்டு எழுதியிருக்கிறேன். 'எங்களுக்கு' என்று இல்லை, 'நமக்கு' என்று. அதை நான் வக்கீல் ஐயாவிடம் கொண்டுபோகவில்லை, கிழித்துப் போடவும் இல்லை.