ஸ்டிக்கர் கடையில் சாய்வெழுத்து

பெங்களூரு ஜே.சி. ரோடு பக்கம் வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்ட வருகிறவர்களுக்கு எழுத்துருவின் பெயரெல்லாம் தெரியாது. "ஸ்போர்ட்ஸ் பைக்ல வருமே அண்ணா, ஒல்லியா, தடியா, சாய்ஞ்சு" என்று உள்ளங்கையைச் சரித்துக் காட்டுவார்கள். சிரிப்பு வந்தாலும் வர்ணனை சரிதான். கோடு தடி, எழுத்து ஒல்லி, உள்ளே இடைவெளி ரொம்பக் குறைவு. ஓடுகிற வண்டியில் ஒன்றிரண்டு வார்த்தை கண்ணில் பட வேண்டுமென்றால் இதை அடிக்க ஆளில்லை. அதோடு நிறுத்தாமல் முகவரி, போன் நம்பர் என்று சேர்த்தால் எல்லாம் ஒரே கருப்புப் பட்டையாகிவிடும்.

பலரும் கணினியோடு வருகிற இம்பேக்ட் என்ற எழுத்துருவை எடுத்துச் சாய்த்து விடுகிறார்கள். ஜெஃப்ரி லீ வரைந்து 1965-இல் வெளிவந்த தலைப்பு எழுத்து அது, நிமிர்ந்து நிற்பது. கோரல்டிரா என்ற வரைகலை மென்பொருளில் பிடித்துச் சாய்வாக இழுத்தால் ஆங்கில 'ஓ'வின் வலது தோளும் இடது அடியும் தடிக்கும். மற்ற இரண்டு மூலையும் மெலியும். காற்றிறங்கிய டயர் மாதிரி நிற்கும். சாய்வாகவே வரைந்த எழுத்துருவில் இதை எழுத்தெழுத்தாகத் திருத்தியிருப்பார்கள். காசு கொடுத்து வாங்குவது அந்தத் திருத்தத்தைத்தான்.

இன்னொன்று, வண்டியின் வலது பக்கம் ஒட்டினால் எழுத்து முன்சக்கரத்தை நோக்கிச் சாய்ந்து பாயும். அதையே இடது பக்கம் ஒட்டினால் பிரேக் பிடித்தது போலப் பின்னால் சாயும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் எதிர்ப்புறம் சாய்த்து வெட்டுவதுண்டு. படிக்க இடறும் என்பதால் எனக்கு அது பிடிக்காது.

கடைப் பலகைக்கு இந்த எழுத்தை நான் சொல்வதில்லை. கர்நாடகத்தில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும். அதை மேலே வைத்தது போக ஆங்கிலத்துக்குக் கிடைப்பது அகலமான, உயரம் குறைந்த பட்டை. அங்கே போய் எழுத்தை எதற்கு ஒடுக்குவது?

பொங்கல் சமயத்தில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பையன்கள் கிரிக்கெட் பனியனுக்கு வருவார்கள். பெயர் தமிழில் வேண்டும், ஆனால் 'அதே ஸ்டைல்ல' வேண்டும். அங்கேதான் சிக்கல். 'கண்ணன்' என்று போட்டு ஒடுக்கித் தடிமன் ஏற்றினால் மூன்று சுழி 'ண'வின் சுழிகள் அடைந்துபோய் இரண்டு சுழியிலிருந்து பிரித்தறிய முடியாது. சாய்த்தாலோ, உச்சியில் இருக்கிற புள்ளிதான் அதிகம் நகரும். 'ண்'ணின் புள்ளி பக்கத்து 'ண' மேல் ஏறப் பார்க்கும். மும்பையின் எக் டைப் என்ற எழுத்துரு நிறுவனம் வெளியிட்ட 'அனேக் தமிழ்' எழுத்துருவில் ஒடுக்கமான வடிவம் உண்டு. இலவசம், சுழிகளும் தெளிவு. சாய்வு மட்டும் அதில் கிடையாது.

அதனால் பனியனில் பெயரை அனேக்கில் நிமிர்த்தி வைத்து, கீழே 7, 18 என்று எண்ணை மட்டும் பெரிதாகச் சாய்த்துவிடுகிறேன். பெயர் ஏன் சாயவில்லை என்று இதுவரை எந்தப் பையனும் கேட்டதில்லை.