சிந்துவிலிருந்து வராத கோப்புகள்

சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வீடுகளின் காப்பீட்டு கிளெய்ம்களைச் சரிபார்ப்பது என் வேலை. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் ஃபுளோரிடாவில் கரையைக் கடந்தது. அதன்பின் நைட் ஷிஃப்ட் முழுக்க அந்தக் கோப்புகள்தான். பிய்ந்துபோன கூரை, சேறு படிந்த சமையலறை, மேலிருந்து எடுத்த படங்கள், சர்வேயர் அறிக்கை. காற்றால் வந்த சேதத்துக்கு வீட்டு பாலிசி. வெள்ளத்துக்கு அரசின் தனித் திட்டம், அதில் வீட்டுக்கு உச்சவரம்பு இரண்டரை லட்சம் டாலர். எது காற்று, எது தண்ணீர் என்று பிரிப்பதிலேயே பாதி இரவு போய்விடும். பணம் கிடைக்காமல் தவித்தவர்கள் அங்கேயும் உண்டு. அவர்கள் இழப்பை நான் சிறிதாக நினைக்கவில்லை.

அதே நாட்களில் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் இன்னும் தண்ணீர் வடியவில்லை. அந்த வெள்ளத்தால் நாடு முழுக்கப் பாதிக்கப்பட்டவர்கள் 3.3 கோடிப் பேர், இறந்தவர்கள் 1,700-க்கும் மேல். பருத்தி வயல்கள் மூழ்கின, மண்வீடுகள் கரைந்தன. அந்த வீடுகளுக்கு ஏது பாலிசி? பாலிசி இல்லாத வீட்டுக்குக் கோப்பும் கிடையாது.

இயன் புயலில் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்ற இழப்பை 5,000 முதல் 6,500 கோடி டாலர் என்று கணித்தது காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் ஸ்விஸ் ரீ. பாகிஸ்தானின் சேதமும் பொருளாதார இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலர். 2023 ஜனவரியில் பாகிஸ்தானுக்கு உதவ ஜெனிவாவில் கூடிய நாடுகளும் வங்கிகளும் தருவதாகச் சொன்னது 900 கோடிக்குச் சற்று மேல். அதிலும் பெரும்பகுதி கடன்! பூமியைச் சூடாக்கி இப்படிப்பட்ட மழையை மோசமாக்குவது கரியமில வாயு. தொழிற்புரட்சியிலிருந்து காற்றில் கலந்த அந்த வாயுவில் ஏறத்தாழ கால் பங்கு அமெரிக்காவுடையது. பாகிஸ்தானின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. ஒருவர் கார் இன்னொருவர் சுவரை இடித்தால், சுவர்க்காரருக்குக் கடன் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்ல எங்கள் துறையில் யாரும் துணியமாட்டார்கள்.

வனுவாட்டு போன்ற சிறு தீவு நாடுகள் பருவநிலை மாற்றத்தால் வரும் இழப்புக்கு 1991-லேயே இழப்பீடு கேட்டன. 2022 நவம்பரில்தான் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டில் அதற்கென ஒரு நிதி அமைக்க ஒப்புக்கொண்டார்கள். நாடுகள் அதற்கு முதலில் வாக்களித்த தொகை எல்லாம் சேர்ந்தும் 100 கோடி டாலரைத் தொடவில்லை. என்னை அதைவிடக் கோபப்படுத்துவது, 2015 பாரிஸ் பருவநிலை மாநாட்டு முடிவின் 51-ஆம் பத்தி. அங்கு உருவான பாரிஸ் ஒப்பந்தத்தில் இழப்பு, சேதம் பற்றிப் பேசும் 8-ஆம் பிரிவை வைத்துப் பொறுப்போ இழப்பீடோ கோர இடமில்லை என்கிறது அது. பாலிசிகளில் விலக்கு விதிகளைத் தேடிப் படிப்பவள் நான். இதுவும் அப்படி ஒன்றுதான். தொகையைக் கூட்டுங்கள் என்பதற்கு முன் அந்தப் பத்தியை நீக்குங்கள் என்றுதான் கேட்பேன். அது இருக்கும்வரை, கொடுப்பவர் மனம் வைத்தால்தான் பணம்.