இரண்டு சங்கங்களுக்குச் சந்தா கட்டுபவன்

நமது கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் வருடாந்த இராப்போசனத்தில் என்னோடு படித்தவர்கள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "மச்சான், அந்த மற்றச் சங்கத்திலை உனக்கு என்னடா தருகினம்?"

மற்றச் சங்கம் என்பது பிரித்தானியாவின் பார்வையற்றோர் தேசியச் சம்மேளனம். 1947இல் தொடங்கியது. ஒன்றும் தருவதில்லை, நான்தான் சந்தா கட்டுகிறேன் என்று சொன்னால் பகிடி விடுகிறான் என்று நினைப்பார்கள். நமது சங்க மலருக்குக் கட்டுரை கேட்டபோது, சரி, இதையே எழுதிவிடுவோம் என்று தோன்றியது.

என் கண் கல்லூரிக் காலத்திலேயே போகத் தொடங்கிவிட்டது. எனக்கே அது தெரியாது. இரவுப் படிப்பு முடிந்து ஹொஸ்டல் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகும்போது முன்னால் போகிறவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடப்பேன். அதை எல்லாரும் சிநேகிதம் என்றே எடுத்துக்கொண்டார்கள். சிநேகிதமும்தான். கிரிக்கெட்டில் பக்கவாட்டில் வரும் பந்து என்னைத் தாண்டிப் போனபிறகுதான் அது வந்ததே தெரியும். மைதானத்தில் ஒரு மாஸ்டர் எனக்கு வைத்த பெயரை இந்த மலரில் அச்சிட முடியாது. வீட்டில் மாலைக்கண் என்று முடிவு செய்து முருங்கையிலையும் மீன் எண்ணெயும் தந்தார்கள். விற்றமின் ஏ குறைவென்றால் அது சரியான வைத்தியம். எனக்கிருந்ததோ ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, பரம்பரையில் வருவது. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும் கலங்கள் முதலில் செத்துப்போகும். பிறகு ஓரப்பார்வை சுருங்கி, குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல நடு மட்டும் மிஞ்சும். எனக்கு அதுவும் மிஞ்சவில்லை. நோயின் பெயர் தெரிந்ததே லண்டனுக்கு வந்தபிறகு.

கல்லூரி எனக்குத் தந்தவற்றுள் இன்றும் தினம் கைகொடுப்பது வெள்ளிக்கிழமை மாணவர் மன்றம். தீர்மானத்தை முன்மொழிவது, திருத்தம் கொண்டுவருவது, "தலைவர் அவர்களே, ஓர் ஒழுங்குப் பிரச்சினை" என்று எழும்பி நின்று நல்ல பேச்சைக் குழப்புவது எல்லாம் அங்கே பழகியவைதான். அப்போது விளையாட்டாகத்தான் செய்தோம்.

பார்வை முழுதாகப் போனபோது நம்மவர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். சாப்பாடு வந்தது, ஊரில் ஒருவர் நேர்த்தி வைத்தார். ஆனால் என் பக்கத்தில் நின்றுகொண்டே "இவர் இப்ப எப்பிடி?" என்று என் மனைவியிடம் கேட்பார்கள். வேலை செய்த இடத்தில் மிக மரியாதையாக என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நகரசபை ஆள் வந்து வெள்ளைப் பிரம்பு பிடித்து நடக்கப் பழக்கினார். பார்வையற்றோருக்காக 1868இல் தொடங்கிய பெரிய நிறுவனமான ஆர்என்ஐபி பேசும் புத்தகங்களை அனுப்பியது. அவர்கள் அதை 1935 முதல் செய்கிறார்கள். இதில் எதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனையிலும் நான் வாங்குகிறவன் மட்டுமே.

பிறகு ஒருநாள் சம்மேளனத்தின் கிளைக் கூட்டம் ஒன்றுக்குப் போனேன். தேவாலய மண்டபம், பழைய கதிரைகள், வழிகாட்டி நாய்கள். பேசுமுன் ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யார் பேசுவது என்று தெரியாது. வாக்கெடுப்பு குரலால்தான். நானும் ஏதோ சொல்லத் தொடங்கினேன். பியானோ சுருதி சேர்க்கும் கிழவர் ஒருவர் இடைமறித்து, நான் சொல்வது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார். ஒழுங்குப் பிரச்சினை! பார்வை போனபிறகு என்னோடு சண்டை பிடித்த முதல் ஆள் அவர்தான். அடுத்த கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரலில் போடச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

தேநீர் வேளையில் கற்றது வேறு. 10 பவுண் தாளின் இடது மேல் மூலையில் இரண்டு கொத்துப் புள்ளிகள், 20இல் மூன்று, 50இல் நான்கு, 5இல் ஒன்றுமில்லை. கிளைக்காரர்கள் என் விரலைப் பிடித்துக் காட்டினார்கள்.

1920இன் கதையையும் அந்தக் கிழவர்தான் சொன்னார். 1899இல் பதிவான பார்வையற்றோர் தொழிற்சங்கம் ஒன்று இருந்தது. 1920 ஏப்ரலில் அதன் உறுப்பினர் ஏறத்தாழ 250 பேர் மன்செஸ்டர், லீட்ஸ், நியூபோர்ட் என்ற மூன்று ஊர்களிலிருந்து லண்டனுக்கு நடந்தே வந்தார்கள். தர்மம் வேண்டாம், நீதி வேண்டும் என்பது அவர்கள் பதாகை. டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடி, பிரதமர் லொயிட் ஜோர்ஜைச் சந்தித்தார்கள். அதே ஆண்டில் பார்வையற்றோர் சட்டம் வந்தது. 70 வயதில் கிடைத்த ஓய்வூதியம் பார்வையற்றவர்களுக்கு 50இல் கிடைத்தது, அவர்கள் நலனைக் கவனிப்பது உள்ளூராட்சி சபைகளின் கடமையாயிற்று. கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை என்று கிழவர் நூறு வருடக் கோபத்தோடு சொல்வார்.

என் காலத்தில் கண்ட வெற்றி 2023இல். இங்கிலாந்தின் ரயில் நிலையப் பயணச்சீட்டுக் கருமபீடங்களில் பெரும்பாலானவற்றை மூடப்போவதாக அறிவித்தார்கள். இயந்திரத்தில் வாங்கலாம், ஊழியர் மேடையில் உலாவிக்கொண்டிருப்பார் என்றார்கள். வழவழப்பான தொடுதிரையில் நான் எதைத் தொடுவது? உலாவும் ஊழியரை எங்கே தேடுவது? கருமபீடம் என்றால் அது இருக்கும் இடம் என் கால்களுக்குத் தெரியும். உறுப்பினர்கள் கடிதம் எழுதினோம், நிலைய வாசலில் நின்றோம். ஆர்என்ஐபியும் தொழிற்சங்கங்களும் முதியோரும் இறங்கினார்கள். ஏறத்தாழ 750,000 பேர் கருத்துச் சொன்னார்கள். அக்டோபர் 31 அன்று திட்டம் கைவிடப்பட்டது. அன்றிரவு கிளை ஆட்கள் தொலைபேசியில் போட்ட சத்தம் நமது பிக் மாட்ச் கிரிக்கெட்டில் போடும் சத்தத்துக்குக் குறைந்ததல்ல.

எல்லாம் வெற்றியில்லை. பஸ் நிறுத்தத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிள் பாதையைப் போடுகிறார்கள். பஸ்ஸுக்குப் போக அதைக் கடக்க வேண்டும், சைக்கிள் வரும் சத்தமோ கேட்காது. அதை எதிர்த்துச் சம்மேளனம் பல வருடமாகக் கத்துகிறது, இன்னும் கட்டுகிறார்கள். எங்களுக்குள்ளும் பிளவுகள் உண்டு. நாய் வைத்திருப்பவர்களுக்கும் பிரம்புக்காரருக்கும் இடையிலான வாக்குவாதத்தைக் கேட்டால் நமது ஆண்டுப் பொதுக்கூட்டம் தியான மண்டபம் என்பீர்கள்.

நம்மவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. நீரிழிவால் பார்வை போய், பிள்ளைகள் வீட்டின் பின்னறையில் வானொலியோடு இருக்கும் ஐயாமார், அம்மாமார் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். மொழி தெரியாது, வெட்கம் என்று காரணம் சொல்லப்படும். கிளைக்கு நான் கூட்டிக்கொண்டுபோன ஓர் அம்மா ஆங்கிலம் அதிகம் பேசமாட்டார். இரண்டாவது கூட்டத்தில் எழும்பி, தன் வீட்டருகே கடவையில் பச்சை விளக்கின் பீப் சத்தம் கேட்பதில்லை என்று தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். கூட்டக் குறிப்பில் அவர் பெயரோடு ஏறியது.

ஊரில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலைக்கும் சுன்னாகம் வாழ்வகத்துக்கும் உதவ நமது சங்கம் முன்வந்தால் முதல் ஆளாகப் பணம் போடுவேன். ஆனால் என்ன வேண்டும் என்று அங்கு படித்துவிட்டு வெளியே வந்தவர்களைக் கேட்டு அனுப்புவோம்.

கடைசியாக மலர்க்குழுவுக்கு. போன முறை மலரின் பீடிஎஃப் முழுவதும் ஸ்கான் செய்த படங்கள். திரையை வாசிக்கும் என்விடிஏ மென்பொருள் பக்கத்துக்குப் பக்கம் வெறுமை என்றே சொன்னது. அதற்கு முந்திய மலரில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைக்கும் பழைய பாமினி எழுத்துருவால் கணினி ஆங்கில எழுத்துகளை அள்ளிக் கொட்டியது. யூனிகோட்டில் தட்டச்சு செய்து, எழுத்தாகவே பீடிஎஃப் ஆக்கினால் போதும், செலவு எதுவும் இல்லை. வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.